ஞாயிற்றுக்கிழமை நட்டு

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவர் என் கணவர். வாங்கிய காரை ஓட்டாமலே அதிக காலம் வைத்திருந்தவரும் அவர்தான். முதல் பெருமையை அவர் திருவண்ணாமலை முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது பெருமை சொல்ல ஆளில்லாமல் கிடக்கிறது. அதை நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், பற்றெல்லாம் அறுந்துவிட்டது என்று சொல்லி ஊருக்குக் கிளம்பினார். அறுபடாமல் மிச்சமிருந்தது ஒரு பழைய கார். அதை யார் தலையில் கட்டலாம் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் தானாகப் போய்த் தலையை நீட்டினார். அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரியே சைக்கிளில் வரும் ஆபீஸ். அங்கே கார் வைத்திருக்கும் குமாஸ்தா என்றால் சும்மாவா?

கார் வாசலுக்கு வந்த அன்று பூசணிக்காய் உடைத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்த டிரைவர். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கியதும் அவர்தான். என் கணவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் மாதிரி தெருவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் காரால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நான் கணக்கு டீச்சர். அந்த வருஷம்தான் என்னைக் கீழ்பென்னாத்தூருக்கு மாற்றியிருந்தார்கள். காலை பஸ்ஸில் ஒரு காலை ஊன்ற இடம் கிடைக்கும். இன்னொரு கால் வேர்க்கடலை மூட்டை மேல் இருக்கும். என் முந்தானை யாருடைய கூடையிலாவது மாட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே இறங்கப் பார்க்கும். ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் அதெல்லாம் மறந்துபோகும். கரும்பலகை முன்னால் நின்று நான் பேசினால் ஒரு வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேட்கும். என் வீட்டில் அந்த மரியாதை ரேடியோவுக்குத்தான் உண்டு. அந்த வேலை எனக்கு உயிராக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் பஸ்ஸில் நசுங்கிப் போவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. என் மேல் உள்ள கரிசனம் என்று நினைத்துவிட வேண்டாம். தாலுகா ஆபீஸ்காரர் மனைவி மூட்டைமேல் உட்கார்ந்து போகிறாள் என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"அதான் கார் வந்துடுச்சே. தெனமும் நானே கொண்டுபோயி விட்டுட்டு ஆபீஸ் போறேன். பஸ்ஸுங்கிற பேச்சே இனிமே வேணாம்," என்றார்.

நான் நம்பினேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.

அவர் முதன்முதலாக வண்டியை எடுத்த அன்று பக்கத்துச் சீட்டில் நான். மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வேறெங்கும் போவது என்று வேண்டுதல். செங்கம் ரோட்டில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். மிதி உள்ளே போயிற்று. காரும் நிற்காமல் போயிற்று. ஸ்டியரிங்கை ஒடித்தார். ரோட்டோரக் கரும்புச்சாறு கடைக்குப் பின்னால் குவித்திருந்த சக்கைமேல் ஏறி நின்றோம். எங்களுக்குக் கீறல்கூட இல்லை. மாட்டுக்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். கடைக்காரர் பாவம், எங்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் சாறு கொடுத்தார். என் கணவர் அதை வாங்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். கை பிடியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கோளாறு ஒன்றும் பெரியதில்லை. முன்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பில் எண்ணெய் கசிந்திருந்தது. காரின் உடம்போடு ஒட்டி வருவது இரும்பு பைப். அதிலிருந்து சக்கரத்துக்குப் போவது ரப்பர் பைப். ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிற நட்டைக் கழற்ற வேண்டும். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய நட்டு. அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இவ்வளவுதான் சங்கதி. இதற்கு எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷம் போயிற்று.

"பட்டறையில விட்டுடலாமே," என்றேன்.

"பட்டறையிலயா? நல்ல பார்ட்டெல்லாம் கழட்டிக்கிட்டு ஓட்டை பார்ட்டை மாட்டி அனுப்பிடுவான். உனக்கு ஒண்ணும் தெரியாது."

நல்ல பார்ட் எது என்று நானும் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே ரிப்பேர் என்று முடிவாயிற்று. இதற்கு ஒரு சபை கூடியது. எதிர் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் இன்ஜின் விஷயத்தில் அவர் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. அடுத்தவர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய், என் கணவரின் பள்ளித் தோழர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவர் கடையில் ஒரு சாமான் இருக்கும். கழற்ற வேண்டியது நட்டாக இருந்தாலும் சரி, பல்லாக இருந்தாலும் சரி.

முதல் ஞாயிறு என் கணவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கல்லும் கட்டையும் அடுக்கி, சக்கரத்தைக் கழற்றி எடுத்தார். நட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பானரை மாட்டினார். எதிர் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க சார், இருங்க. எடுத்த எடுப்புலயே இடப்பக்கமா திருப்பாதீங்க. நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம். வலப்பக்கமா ஒரு திருப்பு திருப்பிட்டு அப்புறமா கழட்டுங்க."

மலையையே வலமாகச் சுற்றுகிற ஊர் இது. புது வீட்டில் வலது காலை வைத்துத்தான் நுழைகிறோம். வலது கையால்தான் வாங்குகிறோம், கொடுக்கிறோம். இதில் நட்டுக்கு மட்டும் சலுகை உண்டா? என் கணவர் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்தியும் பலமும் சேர்த்து வலப்பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினார். ஏற்கெனவே இறுகிக் கிடந்த நட்டு 'கிர்ரக்' என்று இன்னும் கொஞ்சம் இறுகியது.

"அசையுது பாருங்க!" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

அசைந்தது வாஸ்தவம். எந்தப் பக்கம் அசைந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. கூட்டலும் கழித்தலும் வேறு வேறு என்று நான் வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். வாசல்படியில் நின்று அதைச் சொல்லவும் சொன்னேன். "நீ உள்ள போயி காபி போடு," என்றார் என் கணவர்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வேலை தொடங்கும்போது வலப்பக்கமாக ஒரு திருப்பு விழுந்தது. பிறகு நாள் முழுக்க இடப்பக்கம் போராட்டம். ஸ்பானரும் பொருந்தவில்லை. அந்தக் காருக்கு நட்டெல்லாம் இஞ்சுக் கணக்கு, என் கணவரிடம் இருந்த ஸ்பானரெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. "கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்குது," என்றார். கிட்டத்தட்ட சரி என்பதற்கு நான் என் வகுப்பில் மார்க் போடுவதில்லை. ஸ்பானர் நழுவி நழுவி, நட்டின் மூலைகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டன.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்தவர்கள் மறக்காமல் நட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, துருவுக்குப் பேச்சுத் துணையாக உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு முழுக்க என்னுடைய தையல் ஊசியால் அதைச் சுரண்டினார்கள். அப்புறம் தீபம் வந்தது. இந்தக் கூட்டத்தில் எவன் கார் எடுப்பான் என்று அந்த மாதம் முழுக்க நட்டுக்கு லீவு. மார்கழியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது என்றார் எதிர் வீட்டுக்காரர். தொடங்கி மாசக்கணக்காகிறதே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வேலை நடக்கும் நாட்களிலும் சாயங்காலம் ராகுகாலம் வந்ததும் சாமான்களை மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குள் பேச்சு பிரேக்கில் தொடங்கி அரசியலில் நுழைந்து, இந்த வருஷம் மழை ஏன் கம்மி என்பதில் வந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில் எனக்கு அடுப்படியில் வேலை. ஒரு நட்டைக் கழற்ற மூன்று ஆம்பிளைகள் எவ்வளவு வடை தின்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். பதில் வராத கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பாவம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஆனால் மூன்று பேரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள். நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வாசலில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் காரைத் தாண்டித்தான் தெருவில் இறங்க வேண்டும்.

சித்திரையில் என் கணவருக்கு ஒரு யோசனை பிறந்தது. முழுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தா பாரு. ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள கார் ஓடுச்சின்னா நானே கொண்டுபோயி விடறேன். ஓடலன்னா நீ வேலைய விட்டுடு. இன்னொரு வருஷம் அந்த பஸ்ல உன்னை அனுப்ப முடியாது."

"நட்டு கழலலன்னா நான் எதுக்குங்க வேலைய விடணும்?"

"ஊர்ல நமக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுல்ல. கார வாசல்ல வெச்சிக்கிட்டு பொண்டாட்டிய பஸ்ல அனுப்பறான்னு பேச மாட்டாங்களா?"

அடுத்த ஞாயிறே இதைச் சபையிலும் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என் வேலை இருக்குமா போகுமா என்பது சுண்டைக்காய் நட்டு ஒன்றின் கையில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து அது என் நட்டு என்று வைத்துக்கொண்டேன்.

காலையிலும் மாலையிலும் ரேஷன் மண்ணெண்ணெயை ஒரு கரண்டியில் எடுத்துப் போய் நட்டின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டேன். சாமிக்கு விளக்கு ஏற்ற மறந்த நாள் உண்டு. நட்டுக்கு எண்ணெய் விட மறந்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பாயிடம், "அண்ணே, சரியான ஸ்பானர் ஒண்ணு உங்க கடையில கெடைக்காதா?" என்று நேராகவே கேட்டேன். இதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அவர் அரத்தால் நட்டின் இரண்டு பக்கங்களையும் ராவித் தட்டையாக்கினார். இஞ்சு ஸ்பானர் ஒன்று அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று அதை அழுத்திப் பார்ப்பதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது.

"இன்னும் ஒரு வாரம் ஊறட்டும் தங்கச்சி. வர்ற ஞாயித்துக்கெழம வந்துடும்," என்றார் பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் பள்ளி திறப்பு. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே என் கணவர் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். என் வேலைக்காகத்தான் இவ்வளவு அக்கறை என்று நினைத்து எனக்கு நெகிழ்ந்துபோயிற்று. காபியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் காலடிச் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. சக்கரம் இல்லாத அந்தப் பள்ளத்துக்குள் அவருடைய கைகளும் நட்டும் மட்டும் தெரிந்தன. டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தேன். ஸ்பானர் இடப்பக்கமாக நகர்ந்தது. கூடவே நட்டும் நகர்ந்தது. பைப் முறுக்கிக்கொள்ளவில்லை, நட்டு மட்டும் அழகாகத் திரும்பியது. ஓரத்தில் பிரேக் ஆயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சந்தோஷத்தில் சத்தம் போட வாயைத் திறந்தேன்.

கைகள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு ஸ்பானரை எடுத்தார். மறுபடி மாட்டினார். வலப்பக்கமாகத் திருப்பினார். சபையின் சம்பிரதாயத் திருப்பு இல்லை இது. நட்டு இறுகுகிற வரைக்கும் நிதானமாகத் திருப்பினார். இறுகிய பிறகும் ஒரு அழுத்து அழுத்தினார். கந்தல் துணியை எடுத்து அந்தச் சொட்டைத் துடைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கரும்புச் சக்கைமேல் ஏறி நின்ற அன்று நடுங்கிய அதே நடுக்கம். அது கோபம் இல்லை, பயம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நட்டு கழன்றால் கார் ஓடும். கார் ஓடினால் அவர் ஓட்ட வேண்டும்.

நான் சத்தமில்லாமல் நிமிர்ந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பாயும் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன சார், அசைஞ்சுதா?"

"ம்ஹூம். அசையவே மாட்டேங்குது சார்," என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஸ்பானரக் குடுங்க, நான் ஒரு புடி புடிக்கிறேன்."

"வேணாம் பாய்! பைப்பு முறுக்கிக்கும். ஒடஞ்சிட்டா அவ்ளோதான்."

பாய் கையை எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப வேற வழியில்லம்மா. சார் சொன்னா மாதிரி வேலைய விட்டுட்டு நிம்மதியா வீட்ல இரு. பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல்?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே கைகொட்டிச் சிரிக்கும். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்கள் விறைத்துக் கிடந்தன. நான் அந்த வார்த்தையை விழுங்கினேன்.

"நான் வேலைய விடறதா இல்லீங்க. நாளைக்கு பஸ்ல போறேன். அதுக்கு மறுநாளும் பஸ்லதான் போவேன்," என்றேன்.

"அப்ப கார்?" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"அது பாட்டுக்கு நிக்கட்டும். யாரையும் அது ஒண்ணும் கேக்கலயே."

அன்று சபை சீக்கிரமே கலைந்தது. என் கணவர் வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவினார். நான் சோப்பை நீட்டினேன்.

"கழண்டுச்சு. நான் பாத்தேன்," என்றேன்.

அவர் சோப்பை வாங்கிக்கொண்டார். கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், அதனால் என்ன என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். உன் வேலையைக் கெடுக்கப் பார்த்தேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே அழுதிருப்பேன். அவர் எதிர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிடாத."

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இரண்டு பேர் சிரித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு முன்னால் என் வேலை அவருக்கு எவ்வளவு கம்மி என்று தெரிந்துபோயிற்று.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன், நிற்கத்தான் இடம் கிடைத்தது. வேலையை விடு என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. எடுத்தால் நான் தெருவில் இறங்கி என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, கணவர் கொடுத்த ஒத்துழைப்பால்தான் இவ்வளவு வருஷம் வேலை பார்த்தார் என்று பாராட்டினார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கைதட்டினேன்.